கெட்டிஸ்பர்க்கில் ஒரு சமையலறை

அமெரிக்காவில் மேரிலாந்து, பென்ஸில்வேனியா என்ற இரண்டு மாகாணங்களுக்கு நடுவே ஓர் எல்லைக் கோடு ஓடுகிறது. மேஸன், டிக்ஸன் என்று இரண்டு இங்கிலீஷ்காரர்கள் 1763 முதல் 1767 வரை காடு மேடெல்லாம் அலைந்து, சங்கிலி பிடித்து அளந்து போட்ட கோடு அது. இப்போது அதைத் தாண்டுவது வெகு சுலபம். காலையில் வாஷிங்டனில் காப்பி குடித்துவிட்டுக் காரில் கிளம்பினால், பத்துப் பத்தரை மணிக்குள் தாண்டிவிடலாம். இருபுறமும் மக்காச்சோளக் கொல்லைகள், சிவப்புச் சாயம் அடித்த களஞ்சியங்கள், மேயும் பசுக்கள்.

"தாண்டியாச்சு, அண்ணி" என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த என் நாத்தனார்.

"எதைம்மா?"

"கோட்டை!"

பின் ஸீட்டில் இருந்த அவள் பெண், "எங்கே கோட்டை? எனக்குத் தெரியவில்லையே!" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. 'பென்ஸில்வேனியா வரவேற்கிறது' என்று ஒரு பலகை மட்டும் ஓடி மறைந்தது.

ஆனால் 1863-ல் இந்தக் கோடு சாமானியமானதல்ல. இதற்குத் தெற்கே அடிமை முறை சட்டபூர்வமாக நடந்துகொண்டிருந்தது. அங்கே ஓர் அடிமைத் தாய்க்குக் குழந்தை பிறந்தால், அது தொட்டிலில் கிடக்கும்போதே எஜமானின் சொத்து. அவருக்குப் பணமுடை வந்தால் விற்கலாம். பெண்ணுக்குக் கல்யாணமானால் சீதனமாகக் கொடுக்கலாம். பெற்றவளைக் கேட்கவேண்டியதில்லை. கோட்டுக்கு வடக்கேயோ பென்ஸில்வேனியா மாகாணம் 1780-லேயே சட்டம் போட்டு அடிமை முறையைச் சிறிது சிறிதாக ஒழித்துவிட்டிருந்தது. ஆகவே, கைக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு இரவோடிரவாக இந்தக் கோட்டைத் தாண்டி ஓடிவந்த தாய்மார்கள் உண்டு. தாண்டியும் நிம்மதி இல்லை. ஓடிவந்தவர்களைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க 1850-ல் ஒரு சட்டம் வந்துவிட்டது.

அந்தக் கோட்டிலிருந்து சுமார் பத்து மைல் வடக்கே இருக்கிறது கெட்டிஸ்பர்க்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதையை இங்கே முழுவதும் சொல்லப் போவதில்லை. 1860 கணக்குப்படி அந்த நாட்டின் ஜனத்தொகை சுமார் மூன்றேகால் கோடிக்குச் சற்றுக் குறைவு; அதில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். தென் மாகாணங்களின் செல்வமெல்லாம் பருத்தி. பருத்தி எடுத்த கைகளெல்லாம் அடிமைகளின் கைகள். அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவக்கூடாது என்று சொன்ன ஆப்ரஹாம் லிங்கன் 1860 நவம்பரில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், தென் மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மொத்தம் பதினொன்று தனி நாடு என்று கொடி ஏற்றின. 1861 ஏப்ரலில் பீரங்கி வெடித்தது. நான்கு ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவேண்டாம். தென் மாகாணத் துறைமுகங்களை வடக்கத்திக் கப்பல்கள் அடைத்துக்கொண்டதும், அமெரிக்கப் பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் பட்டினி கிடந்தன. உடனே அவர்கள் கண் நம் பக்கம் திரும்பியது. பம்பாய் வியாபாரிகள் ஒரே நாளில் குபேரர்கள் ஆனார்கள். திருநெல்வேலிப் பருத்திக்கும் யோகம் அடித்தது. 1865-ல் போர் முடிந்ததும் விலை தலைகுப்புற விழுந்து, குபேரர்களில் பலர் மஞ்சள் கடிதாசி நீட்டினார்கள். அது தனிக் கதை.

கெட்டிஸ்பர்க்கில் போர்க்களத்தைச் சுற்றிக்காட்ட லைசென்ஸ் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். 1915-ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், அவர் நம் காரிலேயே ஏறி, நம்மை நகரச் சொல்லிவிட்டு, தாமே ஓட்ட ஆரம்பித்துவிடுவார்! எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர். ஆனால் பீரங்கி என்று எடுத்தால் குறுக்கே பேசமுடியாது. எத்தனை அங்குல வாய், எவ்வளவு தூரம் குண்டு போகும், எந்தக் கம்பெனி வார்த்தது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். ஆறாயிரம் ஏக்கர் பரப்பில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட ஞாபகச் சின்னங்கள். தளபதிகள் குதிரைமேல், தளபதிகள் குதிரை இல்லாமல், பட்டாளத்துக்கு ஒரு கல். அரை மணி நேரத்தில் எனக்கு எல்லாத் தளபதிகளும் ஒரே தாடியாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

"பெண்கள் யாரும் இல்லையா இந்த ஊரில்?" என்று கேட்டேன்.

அவர் காரை மெதுவாக ஓரம் கட்டினார். "இருந்தார்கள், அம்மா. ஊரில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்" என்றார். அப்புறம் பீரங்கிகளை விட்டுவிட்டு ஊருக்குள் திருப்பினார்.

1863-ல் இது 2,400 பேர் வசித்த சிறிய ஊர். பத்துச் சாலைகள் இங்கே வந்து கூடுகின்றன. அதுவே வினையாகப் போயிற்று. தென்பகுதித் தளபதி ராபர்ட் லீ வடக்கே படையெடுத்து வந்தார். அவரைத் தேடிக்கொண்டு ஜெனரல் மீட் தலைமையில் வடக்குப் படை வந்தது. சாலைகள் கூடும் இடத்தில் இருவரும் மோதிக்கொண்டார்கள். ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்களில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் இந்த ஊரில் வந்து இறங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு எதிர்பாராமல் நூறு பேர் கூடுதலாக வந்துவிட்டால் நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும். இங்கே வந்தவர்களோ துப்பாக்கியோடு வந்தவர்கள். பசித்தவர்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் ரொட்டி சுட்டுச் சுட்டுக் கொடுத்தார்கள். மாவு தீரும்வரை சுட்டார்கள்.

பால்ட்டிமோர் வீதியில் ஒரு செங்கல் வீட்டின் முன் இறங்கினோம். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் உள்ள வீடு. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். வாசல் கதவில் ஒரு சிறு ஓட்டை. ஜென்னி வேடைக் கொன்ற குண்டு துளைத்த ஓட்டை அதுதான்.

அவள் முழுப் பெயர் மேரி வர்ஜீனியா வேட். வீட்டில் ஜின்னி என்று கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் ஜென்னி என்று அச்சடித்து, அதுவே நிலைத்துவிட்டது. வயது இருபது. தாயும் மகளுமாகத் தையல் வேலை செய்து பிழைத்தவர்கள். இது அவள் வீடு அல்ல. அக்காள் ஜார்ஜியாவின் வீடு. அக்காளுக்கு ஜூன் 26-ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்திருந்தது. பச்சை உடம்புக்காரியை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? அவளுக்குத் துணையாகத் தாயும் தங்கையும் வந்து தங்கினார்கள். வந்த இடத்தில் வீடு இரண்டு படைகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

ஜூலை 3-ஆம் தேதி காலை எட்டரை மணி சுமாருக்கு, ஜென்னி சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெளிக் கதவைத் துளைத்து, உள் கதவையும் துளைத்து வந்த குண்டு அவள் முதுகில் பாய்ந்தது. அடுத்த அறையில் படுத்திருந்த ஜார்ஜியாவிடம் தாய் வந்து தங்கை இறந்துவிட்டதைச் சொன்னாள். வெளியே தலை காட்ட முடியாது. மாடிச் சுவரில் ஏற்கெனவே ஒரு பீரங்கிக் குண்டு ஓட்டை போட்டிருந்தது. சிப்பாய்கள் அதைப் பெரிதாக்கி, பக்கத்துக் குடித்தனத்தின் வழியாகப் பெண்ணின் உடலையும், குழந்தையையும், தாயையும், அக்காளையும் நிலவறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் வரை எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். நான்காம் தேதி அவளை அடக்கம் செய்துவிட்டு, அவள் பிசைந்து வைத்த மாவை எடுத்து அந்தத் தாய் பதினைந்து ரொட்டி சுட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்தாளாம். மகள் கைபட்ட மாவைத் தூர எறிய அவளுக்கு மனம் வரவில்லை போலும். வேறு எப்படி இதைப் புரிந்துகொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் போரில் நேரடியாகக் குண்டுபட்டு இறந்த ஊர்க்காரர் இவள் ஒருத்திதான்.

இவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாகச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை ஜாக் ஸ்கெல்லி, இதே ஊர்ப் பையன், வடக்குப் படையில் சிப்பாய். ஜூன் மாதம் வர்ஜீனியாவில் வின்செஸ்டர் என்ற இடத்தில் படுகாயமடைந்து எதிரிகளிடம் சிக்கினான். அங்கே அவனைப் பார்க்க வந்தான் வெஸ்லி கல்ப் என்ற பழைய சிநேகிதன். அவனும் கெட்டிஸ்பர்க்கில் வளர்ந்தவன்தான். வேலைக்காகத் தெற்கே போய், அங்கேயே தங்கி, தெற்குப் படையில் சேர்ந்துவிட்டவன். ஸ்கெல்லி அவனிடம் ஜென்னிக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினான். கல்ப் தன் படையோடு சொந்த ஊருக்கு எதிரியாக வந்து சேர்ந்தான். தன் உறவினருக்குச் சொந்தமான கல்ப் குன்றிலேயே சண்டையிட்டு மாண்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. ஜென்னி 3-ஆம் தேதி போனாள். அவள் போனது தெரியாமலே 12-ஆம் தேதி ஸ்கெல்லியும் போனான். என்ன சேதி என்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. தொடர்கதையில் இப்படி எழுதினால், "இதென்ன, எல்லோரையும் ஒரேயடியாகத் தீர்த்துக் கட்டிவிட்டார்!" என்று நாமே ஆசிரியருக்குக் கடிதம் போடுவோம்.

அந்தக் கதவு ஓட்டையில் கல்யாணமாகாத பெண்கள் மோதிர விரலை நுழைத்தால் சீக்கிரம் வரன் அமையும் என்று ஒரு நம்பிக்கை. நம் ஊரில் அரசமரத்தைச் சுற்றுகிற மாதிரி! நாத்தனார் பெண் விரலை நீட்டினாள். அப்புறம் என்ன தோன்றியதோ, மடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

வீதியில் சிறிது மேலே ஏறினால் எவர்க்ரீன் மயானம். இரண்டு கோபுரமும் நடுவில் வளைவுமாக ஒரு செங்கல் வாசல். அந்த வாசல் கட்டிடத்திலேயே காவல்காரர் குடும்பம் வசித்தது. மயானத்துக்குள் துப்பாக்கி சுட்டால் சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அந்த நாளில் அங்கே ஒரு அறிவிப்புப் பலகை இருந்ததாம். அதன் அருகிலேதான் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள்.

காவல்காரர் பீட்டர் தார்ன் படையில் சேர்ந்து எங்கோ போய்விட்டார். அவர் வேலையை மனைவி எலிஸபெத் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவள். ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்று ஆண் குழந்தைகள், வயதான தாய் தந்தை. முதல் நாள் மாலை குண்டு பறக்கும் வேளையில், எந்தச் சாலை எங்கே போகிறது என்று ராணுவத்தாருக்குக் காட்டுவதற்காக வயல் நடுவே நடந்துபோனாள். அன்றிரவு மூன்று ஜெனரல்களுக்குச் சமையல் செய்து போட்டாள். பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. படுக்கையெல்லாம் ரத்தம். கட்டிலில் போட ஒரு துணி மிச்சமில்லை.

வந்த கையோடு மயான நிர்வாகத்திடமிருந்து உத்தரவு: குழிகளைத் தோண்ட ஆரம்பிக்கவேண்டும்!

அவளும் தகப்பனாரும் தோண்டினார்கள். உதவிக்கு வந்த ஆட்கள் நாற்றம் தாங்காமல் நோய்வாய்ப்பட்டு ஓடிவிட்டார்கள். ஜூலை மாத வெயிலில், பாறை மண்ணில், பிள்ளைத்தாய்ச்சியான அவளும் அந்தக் கிழவரும் நூறு பேருக்குமேல் புதைத்தார்கள். இதற்காகத் தனிக் கூலி கிடையாது. மாதச் சம்பளம் 13 டாலர், அவ்வளவுதான். நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. ஜெனரல் மீடின் ஞாபகமாக ரோஸ் மீட் என்று பெயரிட்டாள். அந்தக் குழந்தைக்கு உடம்பில் பலமே இல்லை. பதினாலு வயதில் போய்விட்டது.

2002-ல் அவளுக்கு இங்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். களைத்துப்போய், மண்வெட்டியோடு, வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறாள். வந்ததிலிருந்து பார்த்த சிலைகளில் அதுதான் என் மனசுக்குப் பிடித்தது.

சண்டை முடிந்து இரு படைகளும் போனபோது, காயமடைந்த சுமார் 21,000 பேரை ஊரில் விட்டுப் போனார்கள். ஊர்க்காரர் தலைக்கு ஒன்பது நோயாளிகள்! கோயில், பள்ளிக்கூடம், களஞ்சியம், கூடம் எல்லாம் ஆஸ்பத்திரி. ஆயிரக்கணக்கான குதிரைகள் வேறு செத்துக் கிடந்தன. வாசனைத் தைலப் புட்டியை மூக்கில் வைத்துக்கொண்டுதான் பெண்கள் தெருவில் நடந்தார்கள். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த ஜேக்கப்ஸ் என்பவர் மட்டும் இத்தனை அமளியிலும் வழக்கம்போல் தினம் மூன்று வேளை வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார். 3-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு 87 டிகிரி. நம் சென்னைக்கு அது வசந்த காலம். கம்பளிச் சட்டை போட்டு நடந்தவர்களுக்கு அப்படி இருந்திராது.

அந்த 87 டிகிரியில் நடந்ததுதான் பெரிய தாக்குதல். பிக்கெட் தாக்குதல் என்று பெயர். தெற்குச் சிப்பாய்கள் சுமார் 12,500 பேர், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத முக்கால் மைல் வெளியில் அணிவகுத்து நடந்தார்கள். ஒரு மணி நேரத்தில் பாதிக்குமேல் விழுந்துவிட்டார்கள். வழிகாட்டி எங்களை அந்த மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. தாழ்ந்த கற்சுவர் ஒன்று. சுவரை ஒட்டி, சற்று வடக்கே, வெள்ளையடித்த ஒரு குட்டி மரவீடு.

"அது யார் வீடு?" என்று கேட்டேன்.

"ஆப்ரஹாம் பிரையன் என்பவர் வீடு. பன்னிரண்டு ஏக்கர் வைத்திருந்தார். கறுப்பு இனத்தவர், சுதந்திர மனிதர்" என்றார் வழிகாட்டி.

காலையிலிருந்து பார்த்த ஆயிரம் சிலைகளும் சொல்லாத சங்கதியை அந்தச் சின்ன வீடு சொல்லிற்று. போர் எதற்காக நடந்ததோ, அந்தக் கேள்வியே ஒரு வீடாகக் கட்டப்பட்டுப் போர்க்களத்தின் நடுவில் நின்றது! ஒரு கறுப்பு மனிதன் பன்னிரண்டு ஏக்கருக்குச் சொந்தக்காரனாக இருக்கலாமா, அல்லது அவனே யாருக்காவது சொந்தமா?

பிரையன் குடும்பம் அன்று அங்கே இல்லை. லீயின் படை கோட்டைத் தாண்டுகிறது என்று தெரிந்ததுமே ஊரிலிருந்த கறுப்பு மக்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். 1860 கணக்கில் அவர்கள் 186 பேர். துணிமூட்டையைத் தலையிலும் குழந்தையைக் கையிலும் வைத்துக்கொண்டு அவர்கள் ஓடியதை டில்லி பியர்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் பார்த்தாள். பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறாள். மற்றவர்களுக்குப் படை வந்தால் கோழி போகும், குதிரை போகும். இவர்களுக்கோ தாங்களே போய்விடுவார்கள். ஏனென்றால், லீயின் படையினர் வழியெல்லாம் கறுப்பு மக்களைப் பிடித்துக் கட்டித் தெற்கே அடிமைகளாக அனுப்பினார்கள். ஓடிவந்த அடிமை யார், சுதந்திரமாகவே பிறந்தவர் யார் என்று பார்க்கவில்லை. பக்கத்து ஊரான சேம்பர்ஸ்பர்க்கில் ரேச்சல் கார்மனி என்ற இல்லத்தரசி, பெண்களையும் குழந்தைகளையும் மந்தையாக ஓட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டு தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். இப்படிப் போனவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். பெரும்பாலோர் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை.

பிரையன் நிலத்திலேயே இன்னொரு சிறு வீட்டில் மாக் பாம் என்ற கறுப்புப் பெண்மணி குடியிருந்தாள். போருக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 1858-ல், அவளைச் சில ஆட்கள் வழிமறித்துக் கையைக் கட்டி, கோட்டுக்குத் தெற்கே கொண்டுபோய் விற்றுவிடப் பார்த்தார்கள். அவள் லேசுப்பட்டவள் அல்ல. திமிறி, அடித்து, கடித்துத் தப்பித்தாள். கைகளை எப்படிக் கட்டினார்கள் என்று காட்டுகிற மாதிரி பிறகு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. கனத்த சரீரம், நேரான பார்வை, முன்னால் சேர்த்துப் பிடித்த இரண்டு கைகள்.

தென் மாகாணங்கள் தங்கள் மாகாண உரிமைக்காகத்தான் போரிட்டன, அடிமை முறைக்காக அல்ல என்று வாதிப்பவர்கள் உண்டு. நாங்கள் போன அன்றுகூட ஒரு பெரியவர் தம் பேரனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிந்துபோன மாகாணங்களில் சில, ஏன் பிரிந்தோம் என்று அப்போதே அறிக்கை எழுதி வைத்திருக்கின்றன. மிஸிஸிப்பி மாகாணத்தின் அறிக்கை ஆரம்பத்திலேயே அடிமை முறையைத்தான் காரணமாகச் சொல்கிறது. அவர்களே எழுதியதை நாம் ஏன் மாற்றவேண்டும்?

சண்டை ஓய்ந்ததும் பிரையன் திரும்பி வந்தார். வீட்டில் குண்டு துளைத்த ஓட்டைகள். பயிர் மிதிபட்டு மண்ணாகியிருந்தது. வயலில் பிணங்கள். சர்க்காரிடம் 1,028 டாலர் நஷ்ட ஈடு கேட்டார். கிடைத்தது 15 டாலர். அந்த நாளில் தெற்கே திடகாத்திரமான ஓர் அடிமையின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். அதையும் வழிகாட்டிதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

சிப்பாய்களை அவசர அவசரமாக விழுந்த இடத்திலேயே புதைத்திருந்தார்கள். அவர்களை எடுத்து முறையாக அடக்கம் செய்ய ராஜாங்க மயானம் ஒன்று ஏற்பாடாயிற்று. அதன் திறப்பு விழாவுக்குத்தான் 1863 நவம்பர் 19-ஆம் தேதி லிங்கன் வந்தார். எவரெட் என்ற பிரபல பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் இரண்டே நிமிஷம் பேசினார். சுமார் 270 சொற்கள். அந்தப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டவர்கள் நம்மிலும் இருப்பார்கள் என்பதால் மேலே சொல்லவில்லை.

அன்றைக்கு மயான வேலை பாதிகூட முடியவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அக்டோபர் முதல் மறு வருஷம் மார்ச் வரை, மூவாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்து, சட்டைப் பையில் கடிதம், மோதிரம், படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துப் பெயர் கண்டுபிடித்துப் பெட்டியில் வைத்தார்கள். மேற்பார்வை ஸாமுவேல் வீவர் என்ற வெள்ளைக்காரர். தோண்டி எடுத்தவர்கள் பேஸில் பிக்ஸும் அவருடைய கறுப்பு ஆட்களும். பிக்ஸ் மேரிலாந்தில் பிறந்தவர். தம் குழந்தைகள் எழுதப் படிக்கவேண்டும் என்பதற்காகவே 1858-ல் கோட்டைத் தாண்டி இந்த ஊருக்குக் குடிவந்தவர்.

பிற்பாடு அவர் போர்க்கள மேட்டிலேயே ஒரு நிலம் வாங்கினார். பிக்கெட் தாக்குதலுக்குக் குறியாக இருந்த மரக் கூட்டம் அவர் நிலத்தில்தான் இருந்தது. விவசாயிக்கு மரம் என்றால் மரம். ஒரு நாள் கோடாலியை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். பேச்சல்டர் என்ற சரித்திர ஆராய்ச்சியாளர் ஓடிவந்து, "ஐயா, இவை சாதாரண மரங்கள் அல்ல" என்று மன்றாடிப் பார்த்தார். பிக்ஸ் மசியவில்லை. வெட்டி விற்பதைவிட நின்ற மரமாகப் பல மடங்கு விலை போகும் என்று சொன்னபிறகுதான் கோடாலியைக் கீழே வைத்தாராம். இன்றைக்கு அந்த மரங்களைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, பிரயாணிகள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிக்ஸ் கெட்டிக்காரர்!

1913-ல், ஐம்பதாம் ஆண்டு நிறைவில், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பழைய சிப்பாய்கள் இங்கே கூடினார்கள். அந்தக் கற்சுவருக்கு இருபுறமும் நின்று கிழவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். கண்ணீர் விட்டார்கள். பார்க்க உருக்கமாகத்தான் இருந்திருக்கும். சுவரை ஒட்டியிருந்த பிரையன் வீட்டைப் பற்றி அந்தக் கூட்டத்தில் அதிகம் பேச்சு எழவில்லை.

"இன்னும் ஓர் இடம் பாக்கி" என்றார் வழிகாட்டி. ஊரின் மேற்குப் புறத்தில் லாங் லேன் என்று ஒரு தெரு. வீடுகளுக்கு நடுவே சிறியதாக ஒரு மயானம். 1867-ல் ஊரிலிருந்த கறுப்பு மக்கள் சங்கம் வைத்துத் தாங்களே பணம் போட்டு வாங்கிய இடம். லிங்கன் மயானம் என்று இப்போது பெயர். வடக்குப் படையின் கறுப்புப் பட்டாளங்களில் சேர்ந்து போரிட்டவர்கள் முப்பது பேர் இங்கே இருக்கிறார்கள். லிங்கன் பேசிய அந்தப் பெரிய மயானத்தில் அவர்கள் இனத்தாரில் ஓரிருவருக்குத்தான் இடம் கிடைத்தது.

பெரிய பஸ்கள் இந்தத் தெருப் பக்கம் திரும்புவதில்லை. நாங்கள் போனபோது ஒரு முதியவர் மட்டும் மெஷினைத் தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல.

"பிக்ஸ்" என்றாள் நாத்தனார் பெண்.

கையை நீட்டித் திசை காட்டினார். நாங்கள் கல்லைக் கண்டுபிடித்து, படித்து, கிளம்புகிற வரையில் அவர் மெஷினை மறுபடி ஓட்டவில்லை.